விட்ரியால்: பேருக்குள்ள ஒளிச்சு வச்ச ஒரு வாக்கியம்

இங்கிலீஷ் பேப்பர்ல அரசியல்வாதி யாராச்சும் மேடையில இன்னொருத்தரை நாறடிச்சுப் பேசிட்டா மறுநாள் "விட்ரியாலிக்" பேச்சுன்னு எழுதுவாங்க, படிக்கிற நமக்கும் ஏதோ விஷம் கக்குற பேச்சுன்னு புரிஞ்சுரும், அதோட விட்ருவோம். ஆனா அந்த வார்த்தைக்குப் பின்னாடி இருக்கிற விட்ரியால்ங்கிற சாமான் வேற எங்கயும் இல்ல, கொடைக்கானல் கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டம் வச்சிருக்கிற யார் வீட்டுச் செட்டுலயும் மழைக்கு முன்னாடி ஒரு மூட்டையாச்சும் கிடக்கும். நம்மாளு அதுக்கு மயில்துத்தம்பாங்க, இல்லாட்டி வெறும் துத்தம், வைத்தியர் வீட்டுல கேட்டா துருசு, மூட்டை மேல அச்சடிச்சிருக்கிறது காப்பர் சல்பேட்.

எல்லாம் ஒரே நீலக்கல்லுதான். ஆனா விட்ரியால்ங்கிற அந்தப் பழைய பேரு இருக்கு பாருங்க, அது வெறும் பேரு இல்ல, அதுக்குள்ள ஒரு முழு வாக்கியத்தையே ஒளிச்சு வச்சு விளையாடியிருக்காங்க, அந்த விளையாட்டு என்னன்னு புரியணும்னா முதல்ல பேரு எப்படி வந்துச்சுன்னு பாத்துரணும்.

லத்தீன்ல விட்ரும்னா கண்ணாடி. அதுலருந்து இடைக்கால லத்தீன்ல விட்ரியோலும், கண்ணாடி மாதிரி இருக்கிறதுன்னு அர்த்தம். துத்தக் கட்டியை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ஏன் இந்தப் பேருன்னு சொல்லவே வேணாம். இதுக்கு முன்னாடியே, கி.பி. முதல் நூற்றாண்டுல, ரோமாபுரியில பிளினின்னு ஒருத்தர் ஸ்பெயின் நாட்டுல இதை எப்படி எடுத்தாங்கன்னு எழுதி வச்சிருக்காரு: கிணத்துத் தண்ணியைக் காய்ச்சி மரத்தொட்டியில ஊத்தி, மேல சட்டத்துலருந்து கயிறு தொங்கவிட்டு, கயிறு நேரா நிக்கிறதுக்குச் சின்னக் கல்லு கட்டி விடுவாங்களாம், கொஞ்ச நாள்ல கயிறு பூரா திராட்சைக் கொத்து மாதிரி கண்ணாடி மணி மணியாப் பிடிச்சிருக்குமாம். ஸ்கூல்ல நூல் கட்டித் தொங்கவிட்டு காப்பர் சல்பேட் கிரிஸ்டல் வளத்தவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்ச விஷயம், ரெண்டாயிரம் வருஷமா செய்முறை மாறவே இல்ல.

ரோமாபுரிக்காரங்க இதுக்கு வச்சிருந்த இன்னொரு பேரு செருப்புத் தைக்கிறவன் கறுப்பு. நீலக்கல்லுக்கு ஏன் கறுப்புன்னு பேருன்னு குழம்ப வேணாம், அவங்க பச்சை விட்ரியாலையும் நீல விட்ரியாலையும் பிரிச்சே பாக்கல, ரெண்டும் ஒரே சுரங்கத்துல கலந்து கிடக்கும். பச்சைங்கிறது இரும்பு சல்பேட், நம்ம நாட்டு மருந்துக் கடையில அன்னபேதின்னு கேட்டா குடுப்பாங்களே அதான். துவர்ப்புச் சாமானோட அது சேர்ந்தா கறுத்துரும், அதை வச்சுத் தோலுக்குச் சாயம் ஏத்தினாங்க. நம்மூர்ல கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சினாங்க, ஐரோப்பாவுல மாசிக்காயும் அதே பச்சைக்கல்லும் போட்டுக் காய்ச்சினாங்க, அங்க நூத்துக்கணக்கான வருஷம் பத்திரம், சாசனம்லாம் எழுதினது அந்த மையிலதான்.

இதுல இங்கிலீஷ்காரன் பண்ண கூத்து தனி. அவன் பச்சைக்கல்லுக்கு வச்ச பேரு காப்பரஸ், பேருல காப்பர் இருக்கு, கல்லுல ஒரு துளி காப்பர் கிடையாது, பூரா இரும்பு. ரசவாதிங்க இந்த விஷயத்துல கொஞ்சம் ஒழுங்கு, ஏழு உலோகத்துக்கு ஏழு கிரகம்னு கணக்கு வச்சு செவ்வாய் விட்ரியால்னா இரும்பு, சுக்கிரன் விட்ரியால்னா செம்புன்னு பிரிச்சுட்டாங்க. நம்மள கேட்டா சுக்கிரன்னா வெள்ளி, கிரகத்துக்கும் உலோகத்துக்கும் தமிழ்ல ஒரே பேருதான், அதனால இந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது, அவங்களுக்கு வெள்ளி உலோகம் நிலாவோட பங்கு.

இப்ப அந்த வாக்கியத்துக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டு கடைசி, பதினேழாம் நூற்றாண்டு ஆரம்பம், ஐரோப்பாவுல ரசவாத நூல்கள் அச்சுல கொட்டோ கொட்டுன்னு கொட்டுன காலம். பேசில் வாலண்டைன்னு ஒரு துறவி எழுதினதாச் சொல்லிச் சில நூல்கள் 1599லருந்து வெளிய வந்துச்சு, வெளியிட்டவர் யோகான் தோல்டேன்னு ஒரு ஜெர்மன்காரர், உப்புக் காய்ச்சுற தொழில்ல இருந்தவர். துறவி நூறு வருஷத்துக்கு மேல முந்தினவர்னு கதை, ஆனா அப்படி ஒரு ஆள் இருந்ததுக்குத் தடயமே இல்ல, தோல்டேவே எழுதிட்டுத் துறவி பேரைப் போட்டுட்டார்னுதான் பல ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க. பேரையும் பாருங்க, பேசில்னா கிரேக்கத்துல ராஜா, வாலண்டைன்ல இருக்கிறது லத்தீன்ல வலிமை, வல்லமை உள்ள ராஜான்னு புனைபேரு வச்சுக்கிட்டவர் வார்த்தை விளையாட்டுல எப்படிப்பட்ட கில்லாடியா இருந்திருப்பாருன்னு யோசிச்சுக்கோங்க.

அந்தத் துறவி பேர்ல வந்த நூல் ஒண்ணுல ஒரு வட்டச் சித்திரம் இருக்கு, வட்டத்தைச் சுத்தி ஏழு லத்தீன் வார்த்தை: விசிதா, இன்டீரியோரா, தெர்ரே, ரெக்டிஃபிகாண்டோ, இன்வெனியஸ், ஒக்குல்டும், லாபிடெம். ஏழுக்கும் முதலெழுத்தை மட்டும் எடுத்துக் கோத்தா வி, ஐ, டி, ஆர், ஐ, ஓ, எல். விட்ரியால். அர்த்தம் என்னன்னா, பூமியோட உள்ளுக்குள்ள போ, வடிச்சுச் சுத்தம் பண்ணு, மறைஞ்சிருக்கிற கல்லைக் கண்டுபிடிப்ப. சிலர் இதோட நிக்காம கடைசியில இன்னும் ரெண்டு வார்த்தை சேத்து, அதுதான் உண்மையான மருந்துன்னு முடிச்சு, விட்ரியோலும்ங்கிற முழு லத்தீன் பேரையும் எழுத்து விடாம நிரப்பிட்டாங்க.

தமிழ்ல வளந்தவங்களுக்கு இந்த மாதிரி படிக்கிறது புதுசு இல்ல. நமசிவாயன்னு அஞ்செழுத்து எடுத்து ந நிலம், ம நீர், சி நெருப்பு, வா காத்து, ய ஆகாயம்னு எழுத்துக்கு எழுத்து பொருள் சொல்றதைக் கோயில் சொற்பொழிவுல கேட்டிருப்போம். ஐரோப்பாக்காரன் அதையே ஒரு மளிகைச் சாமான் பேருக்குப் பண்ணியிருக்கான், அவ்ளோதான். ஆனா ஒண்ணு கவனிக்கணும், பேரு முதல்ல வந்துச்சு, வாக்கியம் பல நூறு வருஷம் கழிச்சு வந்துச்சு. இன்டர்நெட்ல சிலர் இந்த ரகசிய வாக்கியத்தோட சுருக்கம்தான் விட்ரியால்னு தலைகீழா எழுதி வச்சிருக்காங்க, அது தப்பு, கண்ணாடின்னு சாதாரணமா வச்ச பேருக்கு யாரோ ஒரு புத்திசாலி பின்னாடி உக்காந்து வார்த்தை பொருத்தியிருக்காரு.

அப்ப அது வெறும் பொழுதுபோக்கான்னா, இல்லைன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா அந்த ஏழு வார்த்தையில முதல் நாலும் அச்சு அசல் செய்முறை. பூமிக்குள்ள போன்னு சொல்றாங்களா, விட்ரியால் உண்டாகுற இடமே பழைய சுரங்கத்துச் சுவருதான், கந்தகம் கலந்த தாது காத்தும் ஈரமும் பட்டுத் தானாவே சல்பேட்டா மாறிக் கசியும். அடுத்து ரெக்டிஃபிகாண்டோ. இதுக்கு நேராக்குறது, திருத்துறதுன்னு ஒரு அர்த்தம், பட்டறை பாஷையில திரும்பத் திரும்ப வடிச்சுச் சுத்தம் பண்றதுன்னு இன்னொரு அர்த்தம். ரெக்டிஃபைடு ஸ்பிரிட்னு சொல்றோமே, அதே வார்த்தை, அதே வேலை. உன் மனசைத் திருத்துன்னு சாமியார் படிப்பாரு, பானையில இருக்கிறதைத் திருப்பி வடின்னு தொழிலாளி படிப்பான், ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை பொருந்துது. இந்த வாக்கியத்துலயே கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான்னு எனக்குத் தோணுது.

தமிழ்லயும் இதே இடத்துல ஒரு ரெட்டை அர்த்தம் உக்காந்திருக்கு. வடிக்கிற கருவிக்குச் சித்த மருத்துவத்துல வாலைன்னு பேரு, சித்தர்கள் கும்பிடுற பெண் தெய்வத்துக்கும் வாலைன்னுதான் பேரு. வாலையைப் பிடின்னு ஒரு பாட்டுல வந்தா அது பூஜையா இல்ல அடுப்புல ஏத்துற பாத்திரமான்னு குரு சொன்னாத்தான் உண்டு.

சரி, வடிச்சா என்ன வரும்? பச்சைக்கல்லை மண் பாத்திரத்துல போட்டு மூடி, மூக்குக் குழாய் வச்சு, செமத்தியாச் சூடு ஏத்துனா முதல்ல தண்ணி போகும், கல்லு வெளுத்துரும், அப்புறம் சூடு ஏற ஏற நெஞ்சை அடைக்கிற வெள்ளைப் புகை வரும், அந்தப் புகையைக் குளுர வச்சுப் பிடிச்சா எண்ணெய் மாதிரி கெட்டியா ஒரு திரவம். அதுக்குத்தான் விட்ரியால் எண்ணெய்னு பேரு வச்சாங்க, நம்ம பழைய ஆளுக கந்தகத் திராவகம்னு சொன்னது, இப்ப பாடப் புத்தகத்துல கந்தக அமிலம். பாத்திரத்துக்கு அடியில செக்கச் செவேல்னு ஒரு பொடி தங்கும், அது இரும்பு ஆக்சைடு, அதை அரைச்சுக் கண்ணாடியும் லென்ஸும் பாலிஷ் போடப் பயன்படுத்தினாங்க, கண்ணாடின்னு பேரு வச்ச கல்லு கடைசியில கண்ணாடியைத் துடைக்கிற வேலைக்கே வந்து சேந்துச்சு.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அன்னபேதிச் செந்தூரம்னு சித்த மருந்து ஒண்ணு இருக்கு, ரத்தசோகைக்குக் குடுப்பாங்க, அன்னபேதியை எலுமிச்சைச் சாறு விட்டரைச்சுப் புடம் போட்டு எடுக்கிற சிவப்புப் பொடி. அதாவது ஐரோப்பாக்காரன் எந்தக் கல்லைச் சுட்டு மேல போன புகையைப் பிடிச்சானோ அதே கல்லைச் சுட்டு நம்ம வைத்தியர் அடியில தங்குனதை எடுத்துக்கிட்டாரு. திராவகம் இறக்குறது நம்மாளுக்கும் தெரியும், ஆனா இந்தக் கல்லுல ரெண்டு பேர் கண்ணும் ரெண்டு இடத்துல நின்னிருக்கு.

மறைஞ்சிருக்கிற கல்லுங்கிற கடைசி ரெண்டு வார்த்தைதான் சாமானியமா சிக்காது. ரசவாதி கல்லுன்னு சொன்னா ஈயத்தைப் பொன்னாக்குற அந்தக் கல்லு, சாவைத் தள்ளிப் போடுற மருந்தும் அதேதான்னு நம்பிக்கை. பழனி அடிவாரத்துக்காரங்களுக்கு இந்த நினைப்பு அன்னியமா இருக்காது. மலை மேல இருக்கிற தண்டாயுதபாணி சிலையைப் போகர் நவபாஷாணத்துல பண்ணினார்ங்கிறது ஐதீகம், அபிஷேகம் பண்ணினது மருந்துன்னு சனங்க வாங்கிட்டுப் போறாங்க. பாஷாணம்ங்கிற வார்த்தைக்கு வடமொழியில நேர் அர்த்தம் கல்லு, தமிழ்ல அது விஷம்னு ஆயிருச்சு, வைத்தியத்துல முறையா முறிச்சா மருந்து. கல்லு, விஷம், மருந்து மூணும் நம்ம பக்கம் ஒரே சொல்லுல அடங்கிருச்சு, லத்தீன்காரன் அதைச் சொல்ல ஒன்பது வார்த்தை செலவழிச்சான்.

மயிலும் சும்மா வரல. நீலத் துத்தத்துக்கு வடமொழியில சிகிகிரீவம்னு ஒரு பழைய பேரு, மயில் கழுத்து. பழனி ஆண்டவர் மலையில மயில்துத்தம்னு சொல்லும்போது எதுவோ தொடர்பு இருக்கும்னு ஆசையாத்தான் இருக்கு, ஆனா நிறத்தைப் பாத்து வச்ச பேருங்கிறதைத் தாண்டி அதுல ஒண்ணும் தேட வேணாம். துருசுங்கிற பேருல வேற ஒரு சுவாரசியம் உண்டு. துரிசுன்னா பழைய தமிழ்ல குற்றம், மாசு, துருன்னா இரும்புல பிடிக்கிறது, காபி இலையில ஆரஞ்சுப் பொடியாப் படியுற நோய்க்கும் இலைத்துருன்னுதான் பேரு, அந்தத் துருவுக்கு மருந்து துருசு. இலைத்துரு சாதாரண நோய் இல்ல, 1869ல இலங்கையில தலைகாட்டி அந்தத் தீவோட காபித் தொழிலையே படுக்க வச்சது, அதுக்கப்புறம்தான் இலங்கை தேயிலைக்கு மாறுச்சு.

அந்த மருந்து போர்டோ கலவை. துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி நூறு லிட்டர், இது ஒரு பர்சென்ட், காபிக்கு அரை பர்சென்ட் போதும்னு காபி போர்டு சொல்லுது. பிளாஸ்டிக் டிரம்முல துத்தம் தனியா, சுண்ணாம்பு தனியாக் கரைச்சு வடிகட்டி, துத்தத் தண்ணியைச் சுண்ணாம்புப் பாலுல கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குச்சியால கிண்டிக்கிட்டே இருந்தா பளீர்னு வெளிர்நீலமா வரும். மருந்தடிக்க வர்ற அண்ணன் ஒருத்தர் இடுப்புலருந்து வெத்தலைக் கத்தியை உருவி டிரம்முக்குள்ள கொஞ்ச நேரம் விட்டு எடுப்பாரு. ஒருதடவை கத்தி முனை செம்புக் குடம் கணக்காச் செவந்து வந்துச்சு.

"என்னண்ணே, கத்தி துருப்பிடிச்சிருச்சா?"

"துரு இல்ல தம்பி, செம்பு ஏறியிருக்கு. சுண்ணாம்பு பத்தல. இப்படியே அடிச்சா இலை பூரா கருகிரும், இன்னொரு கை சுண்ணாம்பு கரைச்சு ஊத்துங்க."

ஊத்திக் கிண்டிட்டு, கத்தியை வேட்டியில அழுத்தித் துடைச்சு மறுபடி விட்டாரு, வெள்ளையாவே வந்துச்சு, அப்பத்தான் ஸ்ப்ரேயரைத் தூக்கினாரு.

அந்த டிரம்முல நடந்ததுதான் ரசவாதிங்க பல தலைமுறையா ஏமாந்த இடம். நீல விட்ரியால் கலந்த சுரங்கத் தண்ணியில இரும்பைப் போட்டா இரும்பு கரைஞ்சு காணாமப் போகும், அந்த இடத்துல செம்பு நிக்கும். கண்ணு முன்னாடி இரும்பு செம்பா மாறுதே, அப்ப ஈயம் ஏன் பொன்னா மாறக்கூடாதுன்னு கேட்டாங்க, கேக்குறது நியாயம்தான். மறைஞ்சிருக்கிற கல்லு விட்ரியாலுக்குள்ளதான் இருக்குன்னு நம்புனதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா. உண்மை என்னன்னா செம்பு ஏற்கனவே தண்ணிக்குள்ள கரைஞ்சு கிடந்தது, இரும்பு தன்னைக் குடுத்துட்டு அதை வெளிய தள்ளுது, தண்ணியில இப்ப இருக்கிறது இரும்பு சல்பேட். அண்ணன் கத்தி முனையில மயில்துத்தம் அன்னபேதியா மாறுது, சுக்கிரன் இறங்கி செவ்வாய் ஏறுது, அவ்ளோதான் ரகசியம். பதினேழாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஆஞ்சலோ சாலான்னு ஒரு இத்தாலிக்காரர் நீல விட்ரியாலைப் பிரிச்சு அதுல செம்பு, அமிலம், தண்ணி மூணும் இருக்குன்னு காட்டி, திரும்ப அந்த மூணையும் சேத்து விட்ரியால் பண்ணியும் காட்டிட்டாரு. மாறல, இடம்தான் மாத்துதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு, இருந்தாலும் நம்புறவன் நம்பிக்கிட்டேதான் இருந்தான்.

போர்டோ கலவையே திருட்டுப் பயத்துல பிறந்ததுங்கிறதையும் சொல்லிரணும். பிரான்ஸ்ல போர்டோ பக்கம் ரோட்டோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிச்சுத் தின்னுராம இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பாங்க, நீலமாப் பாத்தா விஷம்னு பயந்து தொடமாட்டாங்க. 1882ல மில்லார்டேங்கிற பேராசிரியர் அந்த ரோட்டோரக் கொடியில மட்டும் இலை நோய் வராம நிக்கிறதைக் கவனிச்சாரு, 1885ல கலவையை வெளியிட்டாரு.

உண்மையான மருந்துங்கிற அந்தக் கூடுதல் ரெண்டு வார்த்தைக்கும் ஒரு பரீட்சை நடந்துச்சு. 1747ல பிரிட்டிஷ் கப்பல் ஒண்ணுல ஈறு வீங்கி ரத்தம் கொட்டுற ஸ்கர்வி நோயாளிங்க 12 பேரை ஜேம்ஸ் லிண்ட்னு டாக்டர் ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் குடுத்தாரு. ஒரு ஜோடிக்கு விட்ரியால் எலிக்சிர், அதாவது கந்தகத் திராவகத்தை நீர்க்க வச்சு வாசனைச் சரக்குச் சேத்தது, தினம் மூணு வேளை 25 சொட்டு. இன்னொரு ஜோடிக்கு ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆரஞ்சு தின்ன ரெண்டு பேரும் ஆறே நாள்ல தேறிட்டாங்க, ஒருத்தர் வேலைக்கே திரும்பிட்டாரு, விட்ரியால் ஜோடிக்கு நோய் தீரல. நம்ம கீழ்மலை கமலா ஆரஞ்சு கிட்ட ரசவாதியோட ரகசியம் தோத்துப்போச்சுன்னு பெருமையாச் சொல்லிக்கலாம், என்ன, அந்த ஆரஞ்சு மரமே நோய் வந்து இப்ப முக்காவாசி போயிருச்சு.

பேருக்கு முடிவு கட்டினது 1787. பாரிஸ்ல லவாய்சியர், கிதோன் தெ மோர்வோ, பெர்தோலே, ஃபூர்குவான்னு நாலு வேதியியல் விஞ்ஞானிங்க உக்காந்து, ஒரு பொருளோட பேரைக் கேட்டாலே அதுல என்னென்ன இருக்குன்னு தெரியணும்னு விதி போட்டாங்க. விட்ரியால் எண்ணெய் கந்தக அமிலம் ஆச்சு, நீல விட்ரியால் காப்பர் சல்பேட் ஆச்சு. வேலைக்கு நல்லது, சந்தேகமே இல்ல, காப்பரஸ்ல காப்பர் தேடுற கூத்துலாம் அதோட ஒழிஞ்சுது. ஆனா சல்பேட்டோட எழுத்தைப் பிரிச்சு யாரும் ஒரு வாக்கியம் எழுத முடியாது.

பட்டறையிலருந்து துரத்துன பேரு பேச்சு வழக்குல போய் ஒட்டிக்கிச்சு. 19ஆம் நூற்றாண்டு முழுக்க இங்கிலாந்துல விட்ரியால்னா சனங்களுக்குக் கல்லு ஞாபகம் வராது, அமிலம்தான். அதை எதிரி மூஞ்சியில வீசுற கொடுமை அப்ப அங்க அடிக்கடி நடந்துச்சு, விட்ரியால் வீச்சுன்னே அதுக்குப் பேரு, அமிலம் மாதிரி சுட்டுக் கருக்குற பேச்சுக்கும் விட்ரியாலிக்னு சொன்னாங்க. இன்னைக்கு இங்கிலீஷ் அகராதியைத் திறந்தா முதல் அர்த்தமாப் போட்டிருக்கிறது பெரும்பாலும் வசவுதான், கந்தக அமிலம் அதுக்குக் கீழ, பழைய வழக்குன்னு குறிப்போட. கண்ணாடி சொல் பிறப்புக் குறிப்புல எங்கயாச்சும் ஒரு வரியில கிடக்கும்.